வேலைக்காரியின் ஓய்வுநாள்

வாரத்தில் ஒரு நாள் செல்பேசியை அணைத்து வையுங்கள். அலுவலக மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கொடுங்கள். திங்கட்கிழமை புதுப் பெலத்தோடு எழும்புவீர்கள். ஓய்வுநாளைப் பற்றிச் சபைகளிலும் கூடுகைகளிலும் இப்போது அதிகம் கேட்கிற பிரசங்கம் இதுதான். அவசரத்தைக் கைவிடச் சொல்லி அமெரிக்கப் போதகர் ஜான் மார்க் கோமர் 2019இல் எழுதிய நூலைப் போன்றவை இந்தப் பேச்சுக்கு நல்ல மெருகும் கொடுத்திருக்கின்றன.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வுநாள் எப்போது முடியும், மறுபடி கடையைத் திறந்து படியைக் குறைத்து அளக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளைத் தீர்க்கதரிசி ஆமோஸ் கண்டித்தார். பேராசைக்கு வாரம் ஒருமுறை கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. யூத அறிஞர் ஆபிரகாம் ஹெஷெல் 1951இல் எழுதிய நூல், காலத்தையே பரிசுத்த ஸ்தலமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. உழைத்துக் களைத்தவன் உட்கார வேண்டும், தொழ வேண்டும். இவ்வளவும் சரி.

ஆனால் இந்தப் பிரசங்கம் ‘என் ஆத்துமா’வில் தொடங்கி ‘என் ஆத்துமா’விலேயே முடிகிறது. ஓய்வுநாள் கட்டளை அப்படி முடியவில்லை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தால் நீ என்பதோடு நில்லாமல் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒரு பட்டியலே வருகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பது நோக்கம். எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பது காரணம். ஓய்வெடுக்கச் சொல்வதோடு, ஓய்வு கொடுக்கவும் சொல்கிற கட்டளை இது. அதன் பாரம் அதிகாரம் உள்ளவன்மேல் விழுகிறது. இன்றைய பிரசங்கம் அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, பலனை மட்டும் அவன் கையில் கொடுக்கிறது.

நம் வீடுகளில் ஞாயிறு எப்படிக் கழிகிறது? காலை எட்டரை மணி ஆராதனைக்குப் போக வேண்டிய பெண் ஐந்து மணிக்கே எழுந்து இஞ்சி பூண்டு அரைக்கிறாள், கறியைக் கழுவி வைக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலை வாருகிறாள். பரிசுத்த இளைப்பாறுதலைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போகிறாள். பிரியாணி, தயிர்ப் பச்சடி, சொல்லாமல் வந்த விருந்தாளி, மலைபோல் பாத்திரங்கள், சாயங்காலம் திங்கட்கிழமைக்கான இட்லி மாவு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அன்று லீவு கொடுத்தால் அந்த வேலையும் இவள் தலையில்தான். கொடுக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு ஓய்வு இல்லை. கட்டளையின் பட்டியலில் மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. ‘நீ’ என்பதற்குள் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். நம் வீடுகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை என்பதை அடுப்படியே காட்டிவிடும்.

இது புதிய குறை அல்ல. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தபோது நீதிபதிகளுக்கும் நகரவாசிகளுக்கும் ஓய்வு கிடைத்தது. வயலில் பாடுபடுகிறவர்கள் வேலை செய்யலாம் என்று விடப்பட்டது. 1855இல் லண்டனில் ஞாயிறு வியாபாரத்தைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. சனிக்கிழமை இரவு கூலி வாங்கும் தொழிலாளி சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நேரமில்லை. சீமான்களோ அன்றும் வண்டியோட்டி, பணியாள் சகிதம் ஹைட் பூங்காவில் உலா வந்தார்கள். நீங்கள் முதலில் கோயிலுக்குப் போங்கள் என்று ஜனங்கள் அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். கடைசியில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. கடைக்காரனின் ஓய்வைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் தங்கள் வண்டியோட்டியை மறந்துபோனார்கள்.

நம் நாட்டிலும் பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு 1890இல் ஞாயிறு விடுமுறையைப் போராடி வாங்கிக் கொடுத்தவர், சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகாண்டே. அவர் கிறிஸ்தவர் அல்ல. தமிழ்நாட்டுக் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021இல் வந்த சட்டத் திருத்தமும் நம் பிரசங்க மேடையிலிருந்து பிறந்ததல்ல. ஓய்வைப் பற்றி அதிகம் பேசுகிற நாம், பிறருக்கு ஓய்வு வாங்கிக் கொடுக்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டோம்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று கிறிஸ்துவே சொன்னாரே, ஏன் இதை நியாயப்பிரமாணமாக்குகிறீர்கள்? அவர் யாருக்காக அதைச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். பசித்துக் கதிர் கொய்த சீஷர்களுக்காகச் சொன்னார். சூம்பின கையுடையவனையும் ஓய்வுநாளில்தான் சுகப்படுத்தினார். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயைக் குணமாக்கியபோது, ஓய்வுநாளில் எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவள் கட்டை அவிழ்க்கக் கூடாதா என்று ஜெப ஆலயத் தலைவனைக் கேட்டார். கட்டுண்டவர்களுக்காகவே அவர் ஓய்வுநாளைத் திறந்துவிட்டார். வீட்டுத் தலைவன் சாய்ந்து படுத்திருக்க, கூன் விழும்வரை மற்றொருவர் உழைப்பதற்கு அந்த வசனத்தைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

ஆகவே ஓய்வுநாளைப் பற்றிப் பேச எழும்பும் போதகர்கள் செல்பேசியை விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து தொடங்கட்டும். ஞாயிறு மத்தியானம் யார் சமைக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கிறவருக்கு எந்த நாள் விடுமுறை, ஆராதனை முடிந்து நாம் போகும் ஓட்டலில் மேசை துடைக்கும் பையனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது உண்டா என்று சபையைக் கேட்கட்டும். எளிய சாப்பாட்டோடு ஞாயிறைக் கழிக்கவும், ஆண்கள் பாத்திரம் கழுவவும், வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்கவும் சொல்லட்டும். வேலைக்காரிக்குக் கிடைக்காத ஓய்வை எஜமான் எத்தனை பக்தியோடு எடுத்துக்கொண்டாலும், உபாகமத்தின் கணக்கில் அந்த வீட்டில் ஓய்வுநாள் ஆசரிக்கப்படவே இல்லை.