மழையில் ஏறும் எண்

பொன்முடி அடிவாரத்து வித்துராவில் ஒரு கதிர்வீச்சு உணரியை நட்டு வையுங்கள். பருவமழை கொட்டும்போது அதில் எண் ஏறும். எந்த அணு உலையும் கசிந்திருக்காது. காற்றிலுள்ள ரேடான் சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றை மழை தரைக்கு இறக்கிவிடுகிறது. இவற்றின் அரை ஆயுள் அரை மணிக்கும் குறைவு என்பதால், மழை ஓய்ந்த சில மணி நேரத்தில் எண் இறங்கிவிடும்.

பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடெங்கும் நிறுவியுள்ள 'ஐயெர்மான்' கண்காணிப்பு வலையமைப்பின் உயிர்நாடி கைகர்-முல்லர் குழாய். அதற்குச் சூரிய மின்பலகை மின்சாரம் தருகிறது. அளவுகள் செல்பேசி அலைவழியே மையத்துக்குப் போய்ச் சேருகின்றன. மின்கம்பியும் காவலாளியும் வேண்டாம் என்பது பெரிய பலம். செர்னோபிள் உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணி அபாய மணியை ஒலிக்க வைத்த 28ஆம் தேதி வரை வெளியுலகுக்கு அது தெரியாது. அந்த இரண்டு நாள் மௌனம் இனி கூடாது என்பதற்காகவே இத்தகைய வலைகளை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் கைகர் குழாய் துடிப்புகளை எண்ணும். கதிரின் ஆற்றலைப் பிரித்துச் சொல்லாது. மழை இறக்கிய பிஸ்மத்தும் உலை உமிழ்ந்த சீசியம்-137உம் அதற்கு ஒன்றுதான். சோடியம் அயோடைடு உணரி இரண்டையும் பிரித்தறியும். விலையும் மின்செலவும் கூடுதல், வெப்பம் மாறினால் அளவும் நகரும். உணரி நிற்கும் எல்லாக் கம்பத்திலும் அதை வைக்க முடியாது. பத்தில் ஒன்றிலாவது வைத்து, பக்கத்தில் ஒரு மழைமானியையும் பொருத்தினால் பொய் எச்சரிக்கைகள் பெருமளவு குறையும்.

எச்சரிக்கை எல்லையும் ஊருக்கு ஊர் மாறியாக வேண்டும். கொல்லம் சவறா, நீண்டகரை கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை போகும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் இதே பகுதியான கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து, புற்றுநோய் மிகுதியாகவில்லை என்று 2009இல் வெளியிட்டது. அந்த ஆய்வு வீடுவீடாக, உள்ளும் வெளியும் அளந்தது. கம்பத்து எண் எத்தனை துல்லியமானாலும், ஒரு மனிதர் வாங்கும் கதிரளவை அது சொல்லாது.

எனக்கு மிகப் பெரிய கவலை தொடர்பு அறுவதுதான். 2011இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் 24 நிலைய உணரிகளில் 23 நிலநடுக்கம், சுனாமிக்குப் பின் பயன்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மண்சரிவு டவரைச் சாய்த்தாலும் இதே கதிதான். செயற்கைக்கோள் வழி மாற்று இணைப்பும், தொடர்பு அறுந்த நேரத்து அளவுகளைக் கருவியிலேயே சேமிக்கும் நினைவகமும் இல்லாத நிலையத்தை அவசரகாலக் கண்காணிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.