இலவச ஈவும் கொடுத்தவன் இழப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தில் கிருபைக் கோட்பாடு

ஆய்வுச் சுருக்கம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் மீட்பைக் கிருபையின் இலவச ஈவாகக் கொள்ளும் சீர்திருத்தக் கிறித்தவக் கோட்பாட்டின்மீது எழுந்த காப்பியம். ஈவு முயற்சியை வேண்டாதது. யாத்திரையோ முயற்சியின் வடிவம். இம்முரணைக் காப்பியம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பக்தி மரபோடு நூலுக்குள்ள உறவையும் அவ்வுறவின் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கிருபை, ஈவு, கைம்மாறு, அடைக்கலம், குமார பருவம்

முன்னுரை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். அவர் பல்லாண்டு உழைத்து இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுதிகளையும் 3766 செய்யுட்களையும் உடையது. 1678இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஜான் பனியனின் உருவகக் கதையே இதன் முதனூல்.

இந்நூல் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் சென்றுள்ளன. ஒன்று, பனியனின் கதை நிகழ்ச்சிகளோடு ஒப்பிடுவது; மற்றொன்று, ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றிச் சொல்லாட்சியில் கம்பரின் சாயலைக் காட்டுவது. இரண்டும் பயனுள்ளவையே. ஆயினும் நூலின் மையக் கோட்பாடு காப்பிய அமைப்பை எவ்வாறு மாற்றியது என்னும் வினா இவற்றில் பின்தள்ளப்பட்டுவிடுகிறது.

யாத்திரையும் ஈவும்

மீட்பு கிருபையால், விசுவாசத்தின் வழியே கிடைப்பது. அது செயல்களின் பயன் அன்று என்பது பவுல் எபேசியருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரம் கூறும் கருத்து. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கம் இதனையே தன் அடித்தளமாகக் கொண்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய லூத்தரன் குருமார் வழியாகத் தமிழில் வேரூன்றிய கோட்பாடும் இதுவே.

இக்கோட்பாட்டைப் பயணக் கதையாக்குவதில் ஓர் இடர் உள்ளது. பயணி மலை ஏறுகிறான், பகையோடு பொருகிறான், சிறைப்படுகிறான், இறுதியில் நகரை அடைகிறான். படிப்பவர்க்கு அந்நகர் அவன் உழைப்பின் கூலியாகத் தோன்றக்கூடும். பனியன் இதனை அறிந்தவர். நியாயப்பிரமாணத்தின் வழியே சுமையை இறக்க முயல்வது வீண் என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். தன் நல்லொழுக்கத்தை நம்பி வந்தவன் விண்ணக வாயிலிலிருந்தே தள்ளப்படுவதாகக் கதையை முடிக்கிறார்.

கிருஷ்ணபிள்ளை வேறொரு வழியையும் மேற்கொண்டார். பனியனிடத்தில் சிலுவையடியில் சுமை விழும் காட்சி மிகச் சுருக்கமானது. கிறிஸ்துவின் பாடுகள் அங்கே கதையாக விரிவதில்லை. தமிழ்க் காப்பியமோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து அப்பாடுகளை விரித்துரைக்கிறது. ஐந்து பருவங்களுள் இஃது இரண்டாவது. பயணத்தின் பெரும்பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. ஆகவே ஈவு முதலில் நிகழ்ந்துவிடுகிறது. நடை அதன் விளைவாகிறது. நூற்பெயரும் இதற்கு இயைந்தது. பனியனின் தலைப்பு பயணியின் முன்னேற்றத்தைச் சுட்டுவது. கிருஷ்ணபிள்ளை இரட்சணியத்தை முன்வைத்து யாத்திரையை அதன்பின் நிறுத்தினார். இடையிடையே அமைந்த தேவாரம் என்னும் இசைப்பாடல்களும் கதையின் ஓட்டத்தை நிறுத்தி, வேண்டலுக்கும் நன்றிக்கும் இடமளிக்கின்றன.

கைம்மாறும் அடைக்கலமும்

தமிழில் கொடை பற்றிய சிந்தனை தொன்மையானது. புறப்பாடல்களின் பரிசில் பாடலுக்கு எதிராகப் பெறுவது. அதில் கொடுத்தலும் பெறுதலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. வள்ளுவரோ கைம்மாறு கருதாக் கடப்பாட்டுக்கு மழையை உவமையாக்குகிறார். இல்லாதார்க்குக் கொடுப்பதே ஈகை, பிற யாவும் பயன் எதிர்பார்ப்பவை என வரையறுக்கிறார். கிருபையை ஈவு எனச் சொல்லத் தமிழில் நிலம் பண்பட்டே இருந்தது.

வைணவத்தில் இந்நிலம் மேலும் ஆழமானது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என்னும் இரு உவமைகளால் வடகலை, தென்கலை வேறுபாட்டை விளக்குவது வழக்கு. பிள்ளை உலகாசிரியர் மரபு இறைவனின் கிருபை காரணம் பற்றாதது என வலியுறுத்தியது. ‘கிருபை’ என்ற சொல்லைக் கிருஷ்ணபிள்ளை கையாளும்போது இம்மரபின் ஒலி அதில் சேர்ந்தே கேட்கிறது.

இதனால் இக்காப்பியம் ‘கிறித்தவ உடையணிந்த பக்தி இலக்கியம்’ என்று முடிவுகட்டுவது பொருந்துமா? பொருந்தாது. கம்பரின் வீடணன் அடைக்கலப் படலத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வந்தவன் பகைவனின் தம்பி என அமைச்சர் ஐயுறும்போது, அடைக்கலம் தருவதே அறம் என இராமன் நிறுவுகிறான். புறாவுக்காகத் துலையேறிய மன்னனையும், வேடனுக்குத் தன்னையே உணவாக்கிய புறாவையும் சான்று காட்டுகிறான். அடைக்கலம் தருபவன் இழப்பை ஏற்பான் என்னும் கருத்து அங்கே உண்டு. ஆயினும் அவ்விழப்புகள் முன்னோர் காட்டிய அறச்சான்றுகள். வீடணன் பெற்ற அடைக்கலம் இராமன் அன்று பட்ட பாட்டால் விளைந்ததன்று. குமார பருவத்திலோ கொடுப்பவனின் இழப்பே ஈவின் உள்ளடக்கம். பெறுவோர்க்கு விலையில்லை, கொடுத்தவன் விலையாகிறான். ‘குமாரன்’ என்ற சொல் மகனையும் இளவரசனையும் ஒருங்கே குறிப்பதால், காப்பியத் தலைவனின் கொடை கருவூலத்திலிருந்து வரும் பரிசிலாகச் சுருங்காமல் தன்னுயிர்க் கொடையாகிறது.

வகுப்பறை வாசிப்பு

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புப் பாடநூலில் இரட்சணிய சரிதப் படலத்தின் ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. அது பெரும்பாலும் பொறுமைக்கும் அவலச் சுவைக்கும் சான்றாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. அவ்வாறு தனித்து வாசிக்கையில் துன்புறும் சான்றோர் ஒருவரின் சித்திரம் கிடைக்கும். அத்துன்பம் யாருக்கான ஈவு என்பது மறைந்துவிடும். சமயக் கருத்தை ஏற்பதும் ஏற்காததும் வாசகர் உரிமை. ஆனால் அக்கருத்தை விலக்கி வைத்தால், அப்படலம் காப்பியத்தில் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதை விளக்க இயலாது.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் தன் சொற்களையும் அடைக்கல உணர்வையும் தமிழ்ப் பக்தி மரபிலிருந்து பெற்றது. கதையைப் பனியனிடமிருந்து பெற்றது. பாடுகளின் வரலாற்றைக் காப்பியத்தின் முற்பகுதியில் விரித்து வைத்தது கிருஷ்ணபிள்ளை செய்த அமைப்பு மாற்றம். இலவசம் என்பது பெறுபவர் நோக்கில் மட்டுமே உண்மை என்பதை அவர் விளக்கவுரையாகச் சொல்லாமல் பருவ வைப்பாலேயே உணர்த்தினார். இந்நூலை ஒப்பிட முற்படுவோர் ஒற்றுமைகளைத் தொகுப்பதோடு அமையாது, இவ்வைப்பு முறையையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். இரட்சணிய மனோகரத்தின் பாடல்களையும் இந்நோக்கில் ஆராய்வது அடுத்த பணியாகலாம்.