கொடையாளர் துணைவியாகும்போது: எம்மா டோனஹூவின் சிண்டரெல்லா மறுகூறல்

உருசிய நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் விளாடிமிர் பிராப், 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் அற்புதக் கதைகளின் அமைப்பை 31 செயற்கூறுகளாக வகுத்தார். அவற்றுள் இறுதியானது திருமணம். இம்முடிவு கதையின் இயல்பான நிறைவாகவே தலைமுறை தலைமுறையாக ஏற்கப்பட்டு வந்துள்ளது. தன்பால் ஈர்ப்பை மையப்படுத்தும் மறுகூறல்களை மதிப்பிடுகையில் இங்கு ஒரு வினா எழுகிறது. இளவரசன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால் கதை புதியதாகிவிடுமா? எம்மா டோனஹூவின் 'கிஸ்ஸிங் தி விட்ச்' (1997) இவ்வினாவிற்குத் தக்க விடையைத் தருகிறது.

அயர்லாந்தில் பிறந்த டோனஹூவின் இந்நூல் 13 கதைகளைக் கொண்டது. சிண்டரெல்லாவை மறுகூறும் 'காலணியின் கதை' அவற்றுள் முதலாவது. தாயை இழந்த பெண்ணொருத்தி ஓயாது வேலை செய்கிறாள். தாயின் தோழியொருத்தி வந்து அவளை அரண்மனை விருந்துக்கு அழைத்துச் செல்கிறாள். இளவரசன் அவளை மணக்க விரும்புகிறான். அவளோ அங்கிருந்து வெளியேறி, தனக்காகக் காத்திருக்கும் அத்தோழியையே தேர்ந்தெடுக்கிறாள். எஞ்சிய ஒற்றைக் காலணியையும் புதருக்குள் எறிந்துவிடுகிறாள்.

இளவரசனுக்கு மாற்றாக இங்குப் புதிய பாத்திரம் எதுவும் கொண்டுவரப்படவில்லை என்பது கருதத்தக்கது. பிராப்பின் வகைப்பாட்டில் 'கொடையாளர்' எனப்படும் பாத்திரமே வாழ்க்கைத் துணையாக உயர்கிறது. 1697இல் சார்லசு பெர்ரோ எழுதிய வடிவில், பூசணிக்காயை வண்டியாக்கிய ஞானத்தாய் இறுதியில் மீண்டும் தோன்றி ஆடையை அழகுபடுத்துகிறாள். அதன்பின் அவளைப் பற்றிய பேச்சே இல்லை. ஆயினும், ஞானப் பெற்றோரின் துணையின்றி எத்திறமையும் பயன்தராது என்பதையே பெர்ரோ தம் இரண்டாவது நீதியாக உரைக்கிறார். பழங்கதை ஒருபுறம் இன்றியமையாதவள் என ஒப்புக்கொண்டு, மறுபுறம் கைவிட்ட பெண்ணை டோனஹூ கைவிடவில்லை. ஆகவே இம்மறுகூறல் மூலக்கதைக்குள்ளேயே கிடந்த ஓர் இடைவெளியிலிருந்து முளைத்தது எனலாம்.

மற்றொரு மாற்றமும் உண்டு. இவ்வீட்டில் கொடுமைக்காரச் சிற்றன்னை இல்லை. வேலை ஏவும் குரல்கள் அவளுடைய மனத்துக்குள்ளேயே ஒலிக்கின்றன. பெண்ணுக்குப் பெண்ணே பகை என்னும் பழைய அமைப்பு இதனால் தகர்கிறது.

இதற்கு ஆசிரியர் கொடுக்கும் விலையையும் திறனாய்வாளர் சுட்டியாக வேண்டும். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவில், சாம்பலில் உறங்கும் பெண்ணின் உழைப்பைப் பிறர் சுரண்டுகின்றனர். அநீதிக்குக் காரணமானோர் கண்முன்னே நிற்கின்றனர். டோனஹூவிடம் அவ்வுழைப்பு தற்தண்டனையாகச் சுருங்குகிறது. மன விடுதலை கூர்மையடையும்போது சமூக அநீதி மங்கிவிடுகிறது. அரசிளங்குமரியின் இடத்தைக் கைப்பற்றும் பணிப்பெண்ணே கதைசொல்லியாக அமையும் 'கைக்குட்டையின் கதை' இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும் முதற்கதையைத் தனித்துப் படிப்போர்க்கு அந்த ஈடு கிட்டாது.

நூலின் சிறப்பு அதன் தொடர்கோவையில் உள்ளது. கதை முடிந்ததும் நாயகி, தன் வாழ்வுக்குள் வருமுன் நீ யாராக இருந்தாய் என்று அத்தோழியிடம் வினவுகிறாள். அவளுடைய விடையே அடுத்த கதையாகிறது. இவ்வாறே ஒரு கதையில் துணைப்பாத்திரமாக நின்றவள் மற்றொன்றில் 'நான்' எனப் பேசுகிறாள். இச்சங்கிலி இறுதியில் சூனியக்காரியை அடைந்து, கதையை வாசகரிடமே ஒப்படைக்கிறது. திருமணத்தில் மூடப்பட்ட முடிவு இங்கு வினாவாகத் திறக்கிறது.

இத்தகைய படைப்பை அது முன்வைக்கும் கருத்துக்காக மட்டும் போற்றுவதும், அக்கருத்துக்காகவே ஒதுக்குவதும் திறனாய்வாகா. தன்பால் காதல் இங்கு மேற்பூச்சாக நிற்கவில்லை. யார் உதவுபவர், யார் அன்பிற்குரியவர், யாருக்குப் பேசும் உரிமை உண்டு என்னும் கதையிலக்கணத்தையே அது மாற்றியமைக்கிறது. வகுப்பறையில் பெர்ரோவையும் டோனஹூவையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், ஞானத்தாய் பின்னர் என்னவானாள் என்ற ஒரு வினாவைக் கேட்டாலே போதும். பழங்கதை யாரை மறந்தது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.