படிகளின் எண்ணிக்கையும் வழியும்: ஏட்டுச்சுவடி, வன்தட்டு பற்றிய ஓர் ஆய்வு

ஏட்டுச்சுவடிகளைப் படம்பிடித்துக் கணிப்பொறியின் வன்தட்டிற் சேர்த்துவிட்டால் அவற்றுக்கு இனி அழிவில்லை என்பார் உளர். தட்டும் பழுதுபடும் என்று அறிந்தோர், படிகள் பல எடுத்துவைத்தாற் போதும் என்பர். முன்னையது நீண்ட மறுப்பு வேண்டாதது. பின்னையது உண்மைபோலத் தோன்றுதலின், அதனையே ஈண்டு ஆராய்வாம்.

பதிற்றுப்பத்தை நோக்குக. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1904இல் அதனைப் பதிப்பித்தார். அவர்க்குக் கிடைத்த ஏடுகள் பல. எனினும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் எவ்வேட்டிலும் இல்லை. அவை யாவும் முன்னரே குறைபட்ட ஒரு மூலத்தின் வழிவந்தன என்று கொள்வதே பொருந்தும். சிதைந்தபின் எடுத்த படி நூறாயினும் சிதைவையே நூறாக்கும். இழந்த பத்துக்களைச் சார்ந்தனவாகக் கருதப்படும் பாடல்கள் சில, தொல்காப்பிய உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் கிடைத்தன. அவை வேறு வழியிற் பிரிந்து சென்றவை. எடுத்தாண்டோர்க்கு அவற்றைப் பாதுகாக்கும் நோக்கம் இருந்ததாகவும் தோன்றவில்லை!

வன்தட்டின் நிலையும் இதுவே. சுழலும் காந்தத்தட்டின்மேல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அது தட்டில் உராய்ந்தாற் பதிவு அழியும். இதற்கு ஒரே பெட்டியில் இரட்டைத்தட்டு வைத்தல் தக்க காப்பே. ஆயின் கோப்பொன்றைத் தவறுதலாக நீக்கின், அந்நீக்கம் உடனே இரண்டாந் தட்டிலும் ஏறும். ஒரே ஆலையில் ஒரே காலத்திற் செய்தவை ஒரே குறையுடையனவாதலும் கூடும். முன்னறிகுறிகளையும் முற்றும் நம்புதற்கில்லை. 1,00,000க்கு மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதுற்றவற்றுள் நூற்றுக்கு 56க்கு மேற்பட்டவை, வலிய அறிகுறிகள் நான்கனுள் ஒன்றையேனும் காட்டவில்லை. செல்லரித்த ஏடோ தன் நிலையைத் தானே காட்டும்.

இடமும் கருதத்தக்கது. பண்பொழியை உள்ளடக்கிய தென்காசி மாவட்டத்திலேயே இதற்குச் சான்றுண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பாண்டிய மன்னர் ஒருவரின் சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் ஆங்குச் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடுதலே முறையென்று எரித்துவிட்டனர் என்னும் விடையே அவர்க்குக் கிடைத்தது. எரித்தோர் நூலுக்குப் பகைவரல்லர். விதியைப் போற்றியவராகவே தம்மை எண்ணினர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் எரித்தோரின் நோக்கம் முற்றிலும் வேறு. எனினும், வேறெங்கும் படியில்லாத சுவடிகள் ஓரிடத்தே குவிந்திருந்தமை இரண்டிடத்தும் ஒக்கும்.

பழைய பதிப்பாசிரியர் ஒவ்வோர் ஏட்டுக்கும் ஊரும் உடையவர் பெயரும் முன்னுரையிற் குறித்தனர். வன்தட்டுப் படிக்கும் அது எம்மூலத்தினின்று, எந்நாளில், எவ்வூரில் எடுக்கப்பெற்றது என்று துறைகள் குறித்துவைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இறுதியாகத் திறந்து படித்துப் பார்த்த நாளையும் உடன் குறிக்கலாம்.