"காவல்துறை உங்கள் நண்பன்": ஒரு வாசகத்தின் மேல் சில கேள்விகள்

சங்கராபுரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி போனாலும், கல்வராயன் மலை ஏறினாலும், தமிழ்நாட்டில் வேறு எங்கே போனாலும் இந்த வாசகம் கண்ணில் படும். நல்ல வாசகம்தான். ஆனா நண்பன்னா ரெண்டு பக்கமும் பேச்சு இருக்கணும் இல்லையா? அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

1993ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். ஜனங்க பயமில்லாம ஸ்டேஷனுக்கு வரணும், போலீசுக்குக் கைகொடுக்கணும் என்பது நோக்கம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த அமைப்பினர் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. ஜூலையில் அரசு தடை போட்டது. விவாதம் அதோடு முடிஞ்சு போச்சு.

என் கண்ணுக்குப் பட்டது வேற விஷயம். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு தகவல்: ஸ்டேஷன் கேமராவின் ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். சாஃப்ட்வேர்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேமரா இருக்கு, லாக் இல்லை. அங்கே உண்மையைச் சொன்னதும் ஒரு போலீஸ்தான், தலைமைக் காவலர் ரேவதி. ஆனா அவருக்கே பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அடுத்து, போலீஸ் மேலேயே புகார் என்றால் எங்கே போவது? 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நம்ம மாநிலத்தின் 2013 சட்டமோ மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராகப் போட்டது. கோடு எழுதினவனே டெஸ்ட் பண்ணி பாஸ் போடுற மாதிரி.

இதை வைத்து நம்ம மாவட்டத்தைப் பாருங்க. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். மலைக்காட்டில் இல்லை, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளே. விற்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

'ஜனங்க தகவல் சொல்றதில்லை' என்று அதிகாரிகள் குறைப்படுவது வழக்கம். டீக்கடையில் கேட்டால் பதில் வேற மாதிரி வரும்: "சொன்னா, சொன்னவன் பேரு விக்கிறவனுக்குப் போயிடும் சார்." இது பாசம் குறைஞ்சதால் வர்ற தயக்கம் இல்லை. கொடுத்த தகவல் யார் கைக்குப் போச்சு, என்ன ஆச்சு என்று தெரியாததால் வர்ற தயக்கம். கபடிப் போட்டி நடத்தியோ, பொங்கல் வைத்தோ இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே நண்பனா என்று பார்க்க என் அளவுகோல் சின்னது. புகார் கொடுத்தால் கேட்காமலே சி.எஸ்.ஆர். ரசீது வருதா? உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னபடி கேமரா பதிவு குறைந்தது ஒரு வருஷம் இருக்கா? தகவல் சொன்னவர் பேரு வெளியே போனால், போலீசுக்கு வெளியே இருக்கும் ஒருத்தர் அதை விசாரிக்க வழி உண்டா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், போர்டு இல்லாமலே ஜனங்க ஸ்டேஷன் படி ஏறுவாங்க.