வினா ஒன்று, விடை வேறு

ஒரு செயலைப் புகழ்வோரும் உண்டு, இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் தத்தம் கட்சிக்குக் காரணம் காட்டுவர். அக்காரணங்கள் பொருந்துவனவா என்று நிறுத்துப் பார்ப்பது திறனாய்வின் வேலை. அமெரிக்க நாட்டில் தேசிய கீதம் ஒலித்த வேளையில் விளையாட்டு வீரர்கள் காட்டிய எதிர்ப்பு உலகறிந்த செய்தி. அவ்வெதிர்ப்புக்கு மறுப்பாகப் பலரும் மேடையிலும் ஏட்டிலும் எடுத்தாண்ட வாதம் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நிகழ்ச்சியைச் சுருங்கக் காண்போம். அமெரிக்கர் காற்பந்து என வழங்குவது நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் தொழில்முறை அமைப்பு தேசியக் காற்பந்து லீக். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ அணியைச் சேர்ந்த காலின் கேப்பர்னிக் என்பவர், ஆட்டத்திற்கு முன் தேசிய கீதம் பாடப்பட்டபோது எழுந்து நிற்கவில்லை. கறுப்பின மக்கள் ஒடுக்கப்படுகின்றனர், காவலர் கையில் உயிர்கள் போகின்றன, போக்கியவர் தண்டனையின்றித் தப்புகின்றனர் என்பது அவர் கூறிய காரணம். பின்னர், இராணுவத்தில் பணியாற்றியவரும் முன்னாள் ஆட்டக்காரருமான நேட் போயர் அவரைச் சந்தித்துப் பேசினார். அமர்ந்திருப்பதினும் மண்டியிடுவது மேல் என்ற முடிவு அப்பேச்சில் பிறந்தது. செப்டம்பர் முதல் நாள், தோழர் எரிக் ரீட் உடன்வர, கேப்பர்னிக் மண்டியிட்டார். அடுத்த ஆண்டுக்குள் பல அணிகளுக்கும் இது பரவியது.

மறுப்புகள் மூன்று வகையாக எழுந்தன. கொடிக்கும் போரில் மாண்டவர்க்கும் இஃது அவமதிப்பு என்றனர் சிலர். ஊதியம் பெற்று ஆடும் இடத்தில் அரசியலுக்கு இடமில்லை என்றனர் வேறு சிலர். மூன்றாமவர் கூறியது இது: “ஆண்டுதோறும் ஆட்டக்காரர் பலர் கைதாகின்றனர். குடித்துவிட்டுக் காரோட்டியவர், அடிதடியில் இறங்கியவர், மனைவியை அடித்தவர் என்று பட்டியல் நீளுகிறது. இவர்களா காவலரைக் குறை கூறுவது?” ‘யூ.எஸ்.ஏ. டுடே’ என்னும் நாளிதழ் 2000ஆம் ஆண்டு தொட்டு நிகழ்ந்த கைதுகளைத் திரட்டி வைத்திருப்பதால், இவ்வாதத்துக்கு வேண்டிய பட்டியலும் ஆயத்தமாகவே இருந்தது.

முதல் இரண்டு மறுப்புகளும் மதிக்கத்தக்கவை. அவை செய்த செயலைப் பற்றிப் பேசுகின்றன. மகனைப் போரில் இழந்த தாய்க்கு அக்காட்சி நெஞ்சில் தைத்திருக்கும்; அதை இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றாவது மறுப்போ கேட்ட கேள்வியைத் தொடவே இல்லை. நம் வகுப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கரும்பலகையில் ஆசிரியர் போட்ட கணக்குத் தவறு என்று ஒரு மாணவன் எழுந்து கூறுகிறான். “நேற்று நீ வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனாயிற்றே” என்று ஆசிரியர் அவனை உட்கார வைக்கிறார். மாணவன் செய்தது தவறுதான். ஆனால் கரும்பலகையில் உள்ள கணக்கு அதனால் சரியாகிவிடுமா? வினா காவலர் செயலைப் பற்றியது; விடை வினவியவன் கூட்டத்தாரின் நடத்தையைப் பற்றியது. வினவியவன்கூட அல்லன், அவன் கூட்டத்தார் என்பதைக் கருதுக. வேறோர் அணியின் வேறொருவர் குடித்துக் காரோட்டியது, கேப்பர்னிக் எழுப்பிய கேள்விக்கு எங்ஙனம் விடையாகும்?

இரண்டாவது குறை இதனினும் பெரிது. கைது வேறு, குற்றம் வேறு. ஒருவரைக் கைது செய்வது காவலர்; அவர் குற்றவாளியா என்று தீர்ப்பது நீதிமன்றம். காவலர் முறைதவறிக் கைது செய்கின்றனர் என்பது ஒருவரின் முறையீடு என்று கொள்வோம். அதற்கு எதிராகக் காவலர் செய்த கைதுகளின் எண்ணிக்கையையே சான்றாகக் காட்டுவது, எதை நிறுவ வேண்டுமோ அதையே முன்கூட்டி ஒப்புக்கொள்வதாகும்.

இதனைக் கூடைப்பந்து ஆட்டக்காரர் இருவரின் வரலாறு தெளிவாக்கும். தாபோ செஃபலோஷா சுவிட்சர்லாந்து நாட்டவர். அட்லாண்டா அணிக்கு ஆடியவர். 2015 ஏப்ரலில் நியூயார்க் நகரில் ஓர் இரவு விடுதிக்கு வெளியே காவலர் அவரைக் கைது செய்தபோது அவர் கால் எலும்பு முறிந்தது; அவ்வாண்டின் இறுதிச் சுற்று ஆட்டங்களில் அவரால் ஆட இயலவில்லை. வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள அரசுத் தரப்பு முன்வந்தும் அவர் இசையவில்லை. அக்டோபரில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 2017இல் நியூயார்க் நகரம் அவருக்கு 40 இலட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. கைதுகளை மட்டும் எண்ணும் பட்டியலில் இவரும் ஓர் எண்ணாகவே நிற்பார்.

மற்றவர் மில்வாக்கி அணியின் ஸ்டெர்லிங் பிரவுன். 2018 ஜனவரியில் ஒரு கடையின் முன், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் காரைக் குறுக்கே நிறுத்தினார். அது தவறு, அதற்குரியது அபராதச் சீட்டு. காவலரோ அவரைத் தரையில் வீழ்த்தி மின் அதிர்ச்சிக் கருவியால் தாக்கினர். கைதானவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. காவல் துறைத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்; 2021இல் நகர மன்றம் 7,50,000 டாலர் இழப்பீட்டுக்கு இசைவு தந்தது. இவ்விருவரின் கைதும் கேப்பர்னிக்கின் கேள்விக்கு வலுவூட்டுகின்றனவே அன்றி அதனை அடக்கவில்லை.

மூன்றாவதாக, எண்ணிக்கையையும் ஒரு கை பார்ப்போம். ஆல்பிரட் பிளம்ஸ்டீன், ஜெஃப் பெனடிக்ட் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், காற்பந்து ஆட்டக்காரர் தாக்குதல் குற்றங்களுக்காகக் கைதாகும் வீதம், அதே வயதும் இனமும் உடைய பொது ஆடவர் வீதத்தில் பாதிக்கும் குறைவு எனக் கண்டனர். 2000 முதல் 2013 வரையிலான கைதுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2015இல் வந்தது. அதிலும் மொத்தக் கைது வீதம் பொது ஆடவரிடையேதான் மிகுதி. ஆயினும் வன்முறைக் குற்றங்களில் மட்டும் சில ஆண்டுகளில் ஆட்டக்காரர் வீதம் மிகுந்திருந்தது. வாதத்தில் நேர்மை வேண்டுவோர் இவ்விரண்டாம் பகுதியை மறைத்தல் கூடாது. மேலும், கோடி கோடியாகப் பொருள் ஈட்டுவோரை வறியவரும் அடங்கிய பொதுமக்களோடு ஒப்பிடுவது எவ்வளவு பொருந்தும் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. எனவே இவ்வெண்களைக் கொண்டு ஆட்டக்காரரைப் புனிதர் ஆக்கவும் இயலாது. குற்றக் கும்பல் என்று தூற்றவும் இயலாது.

ஆட்டக்காரர் செய்த குற்றங்களைப் பேசவே கூடாதா எனில், கட்டாயம் பேச வேண்டும். 2014இல் பால்டிமோர் அணியின் ரே ரைஸ் தம் மணப்பெண்ணை மின்தூக்கியில் அடித்து வீழ்த்தினார். லீக் முதலில் அவருக்கு விதித்தது இரண்டே ஆட்டங்களுக்குத் தடை. அடித்த காட்சி செப்டம்பரில் ஊரறிய வெளிவந்த பின்னரே அணி அவரை நீக்கியது. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி பெண்ணின் பாதுகாப்பைப் பற்றியது. அக்கேள்வியை அன்று கேளாமல், இரண்டாண்டு கழித்து மண்டியிட்டவர் வாயை அடைப்பதற்கு மட்டும் எடுத்துக்கொண்டவர், அடிபட்ட பெண்ணுக்கும் நீதி செய்தவராகார். அவள் துன்பம் அவர்களுக்கு ஒரு கேடயமாகப் பயன்பட்டது, அவ்வளவே.

எதிர்ப்புக் காட்டியோர் பக்கமும் குறையில்லாமல் இல்லை. காவலரைப் பன்றியாக வரைந்த காலுறையைக் கேப்பர்னிக் பயிற்சியின்போது அணிந்தார். முறைகெட்ட காவலரையே தாம் சுட்டியதாகப் பின்னர் விளக்கினார். படத்துக்கு விளக்கவுரை வேண்டியிருந்ததே அதன் குறையைக் காட்டும். நேர்மையான காவலரும் அதே படத்தில் தம்மைத்தானே கண்டிருப்பர்? மண்டியிடுதலில் பணிவும் இருந்தது, மறுப்பும் இருந்தது. காலுறையில் இகழ்ச்சி ஒன்றே இருந்தது.

சட்டத்தைப் பற்றியும் இரு சாராரும் தடுமாறினர். 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேற்கு வர்ஜீனியா மாநிலப் பள்ளி மாணவர் வழக்கில், கொடிக்கு வணக்கம் செலுத்துமாறு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தான் அளித்த தீர்ப்பையே நீதிமன்றம் அப்போது மாற்றிக்கொண்டது. ஆசிரியர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு இது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துவதன்று. ஆதலின் ஆட்டக்காரர் வழக்கு பெரிதும் தொழிலாளி-முதலாளி வழக்காகவே நடந்தது. 2018 மே மாதத்தில், களத்தில் இருப்போர் எழுந்து நிற்க வேண்டும், விரும்பாதோர் உள்ளறையில் இருக்கலாம் என்று லீக் விதி செய்தது. ஜூலையில் அதனை நிறுத்தி வைத்தது. 2016ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் எந்த அணியும் கேப்பர்னிக்கைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அணிகள் கூடித் தம்மை ஒதுக்கின என அவர் தொடுத்த முறையீடு 2019இல் உடன்பாட்டில் முடிந்தது.

2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவர் காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிர் நீத்தார். பதினொரு நாள் கழித்து லீகின் தலைவர் ரோஜர் குடெல், ஆட்டக்காரர் சொன்னதை முன்னரே செவிமடுக்காதது தவறு என அறிவித்தார். அவ்வறிவிப்பில் கேப்பர்னிக்கின் பெயர் இல்லை. நான்கு ஆண்டுகளாகக் கேட்டவன் யார் என்றே பேசிப் பேசி, கேட்டது என்ன என்பதை ஒரு நாடு தள்ளிப்போட்டு வந்தது. பொருந்தா வாதத்தால் விளையும் கேடு இதுவே. அது கேள்வியைத் தீர்ப்பதில்லை; காலத்தைத்தான் தின்னுகிறது.

நம் நாட்டு வழக்கு வேறு. தேசிய கீதம் ஒலிக்கையில் நேராக நிற்பது நமக்கு விதிமுறையும் ஆகும், விருப்பமும் ஆகும். அமெரிக்கர் செய்ததைப் பின்பற்றுக என்றோ பழிக்க என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் பள்ளிகளில் சொற்போர்கள் நடக்கின்றன. எதிர்க்கட்சியின் கருத்தை மறுக்க வழி தெரியாத மாணவன், பேசியவனின் குறையை எடுத்து வீசுகிறான். அவையும் சிரித்துக் கைதட்டி விடுகிறது. நடுவராக அமரும் ஆசிரியர்கள் அவ்விடத்தில் மணியடித்து, “தம்பி, கேட்ட கேள்விக்கு விடை சொல்” என்று திருத்த வேண்டும். கைதட்டலுக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கினால், பிள்ளைகள் வளர்ந்து ஊர்க்கூட்டத்திலும் அம்முறையிலேயே பேசுவர். அப்போது திருத்துவதற்கு நாம் அங்கு இருக்கமாட்டோம்.