சூப்பர்மேன் இறப்பும் பிரிக்கப்படாத உறையும்

1992 நவம்பர் 18ஆம் நாள் அமெரிக்காவில் சூப்பர்மேன் சித்திரக்கதையின் 75ஆம் இதழ் விற்பனைக்கு வந்தது. 1938 முதல் அந்நாட்டு வாசகர் அறிந்திருந்த அக்கதைமாந்தர் அவ்விதழில் டூம்ஸ்டே என்னும் அரக்கனோடு பொருது மடிகிறார். நாளேடுகள் முன்னரே செய்தியாக்கியிருந்தமையால், சித்திரக்கதை வாசிக்கும் வழக்கமற்றோரும் கடைகளின்முன் வரிசையில் நின்றனர். பல இலட்சம் படிகள் விற்றன. இவ்வெதிர்வினையை வணிக ஆரவாரம் என ஒதுக்குவோர் உளர். நாட்டின் கூட்டுத் துயரம் எனக் கொள்வோரும் உளர். இருசாராருமே வாசகர் கைக்கு வந்த இதழின் வடிவத்தைப் போதிய அளவு நோக்கவில்லை எனலாம்.

முதலில் கதையின் வடிவம். முந்தைய மூன்று இதழ்களில் பக்கத்திற்கு நான்கு, மூன்று, இரண்டு எனக் கட்டங்கள் படிப்படியாகக் குறைகின்றன; 75ஆம் இதழில் பக்கந்தோறும் ஒரே படம். டேன் ஜர்கென்ஸ் எழுதி வரைந்த இவ்விதழில் பக்கங்கள் விரைந்து புரள, ஒவ்வோர் அடியும் பேருருக் கொள்கிறது. முடிவை முன்னரே அறிந்த வாசகரையும் அதனை நோக்கித் தள்ளும் உத்தி இது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றன்பொருட்டு நாயகனின் திருமணக் கதை ஒத்திவைக்கப்பட்டமையே இவ்விறப்புக் கதைக்கு இடந்தந்தது என்பது உண்மையே. எனினும், தோற்றக் காரணம் எளியது என்பதனால் ஆக்கமும் எளியது ஆகிவிடாது.

அடுத்தது இதழின் உறை. சேகரிப்போர்க்கென வந்த பதிப்பு கறுப்பு நெகிழி உறையில் மூடப்பெற்றிருந்தது. உள்ளே துக்கக் கைப்பட்டையும், கதையில் வரும் டெய்லி பிளானட் நாளேட்டின் இரங்கற் செய்தியும் இருந்தன. பட்டையை அணிய வேண்டின் உறையைக் கிழித்தல் வேண்டும். கிழித்தால் சேகரிப்பு மதிப்புக் குறையும். துக்கம் காப்பதும் முதலீடு காப்பதும் ஒரே படியில் இயலாதவாறு அமைந்த பொருள் இது. எனவே விற்பனை எண்ணிக்கையைத் துயரத்தின் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. (இரு படிகள் வாங்கி இரண்டையும் நிறைவேற்றிக்கொண்டோரும் இருந்தனர்.)

1988இல் பேட்மேனின் துணைவன் ராபினின் முடிவு தொலைபேசி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. இறக்கவேண்டும் என 5343 வாக்குகளும், வாழவேண்டும் என 5271 வாக்குகளும் பதிவாயின. அங்கு வாசகருக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமை தரப்பட்டது. 1992இலோ கறுப்புப் பட்டை மட்டுமே தரப்பட்டது.

1993இலேயே சூப்பர்மேன் மீண்டுவந்தமையால் அழுதோர் ஏமாற்றப்பட்டனர் என்னும் வாதம் ஏற்புடையதன்று. தெருக்கூத்தில் அபிமன்யு ஆண்டுதோறும் மடிகிறான். அதனை அறிந்தே வந்து அமர்ந்தோர் அழாமல் இருப்பதில்லை. ஏமாற்றம் அடைந்தோர் வேறு சிலர். மிகப் பலர் உறை பிரியாமல் காத்துவைத்தமையால் அப்படிகள் அரியனவாகவில்லை. எதிர்பார்த்த விலையும் கிட்டவில்லை. அவற்றினுள் அந்த இரங்கற் செய்தி இன்னும் படிக்கப்படாமலே கிடக்கிறது.